மினிவேனும் கரடியும்: யோசெமிட்டி நாட்குறிப்பு

செப்டம்பர் 7, 2024, சனி

காலைல எட்டு மணிக்கு ஆரம்பிச்சு மதியம் ரெண்டு வரைக்கும் மினிவேனை க்ளீன் பண்றது மட்டும்தான் இன்னைக்கு வேலை. வியாழக்கிழமை கலிஃபோர்னியால இருக்கற யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு கிளம்பறோம், அங்க அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்ட்ல மூணு நைட், டென்ட்டு அடுப்பு எல்லாம் இன்னும் கராஜ்ல கிடக்கு, ஆனா எனக்கு அதெல்லாம் அப்புறம்தான், முதல்ல வண்டி.

ரெண்டு வருஷம் முன்னாடி அங்க எங்க வண்டியை கரடி உடைச்சுது. அதைப் பத்தி தனியா எழுதறேன். அதுக்கப்புறம் இப்பதான் திரும்ப கேம்பிங் போறோம், அதான் இவ்ளோ பயம்.

பையனோட கார் சீட்டை கழட்டி தூக்கினதும் கீழ பார்த்தா அப்படியே ஒரு பிஸ்கட் தூள் மேடை. பக்கிள் போடற அந்த சின்ன பள்ளத்துக்குள்ள ஜூஸ் இறங்கி பிஸ்கட்டோட சேர்ந்து பசை மாதிரி காஞ்சு போயிருக்கு, வேக்கம் போட்டா வரவே இல்ல, பழைய டூத்பிரஷ்ஷும் வெந்நீரும் வச்சு சுரண்டி எடுத்தேன். ஸ்ட்ராப்பை மோந்து பார்த்தா பால் வாசனை. மனுஷ மூக்குக்கே வருதுன்னா கரடிக்கு எப்படி இருக்கும். ஸ்ட்ராப்பை மெஷின்ல போடக்கூடாது, அதனால லேசா சோப்பு போட்ட துணியால துடைச்சு வெயில்ல காய வச்சேன். கவரை மட்டும் கழட்டி துவைச்சாச்சு.

அத்தை பக்கத்துல நின்னு பார்த்துட்டே இருந்தாங்க. க்ளவ் பாக்ஸ்ல இருந்த தைலம் டப்பாவை நான் எடுத்ததும் "ஏம்மா, இதைக் கூடவா கரடி திங்கும்?"னாங்க. திங்காது அத்தை, ஆனா வாசனை அடிச்சா உள்ள என்னமோ இருக்குன்னு நெனச்சு கதவை பிச்சு பார்க்கும்னேன். அதுக்கப்புறம் அவங்களே தேட ஆரம்பிச்சு சீட் சந்துல இருந்து இருமல் மிட்டாய் நாலு, ஒரு சூயிங்கம் பாக்கெட், லிப் பாம் ரெண்டு எடுத்துக் குடுத்தாங்க. கண்ணாடில தொங்கின வெண்ணிலா வாசனை அட்டையையும் கழட்டியாச்சு.

செப்டம்பர் 10, செவ்வாய்

தூக்கம் வரல, எழுதி முடிச்சுட்டு படுக்கறேன்.

2022ல நடந்தது இது. சாப்பாட்டை எல்லாம் ஒழுங்கா கேம்ப்ல இருக்கற இரும்பு லாக்கர்ல வச்சுட்டோம், கூலரையும் வச்சாச்சு, வண்டிக்குள்ள ஒண்ணும் இல்லன்னு நிம்மதியா தூங்கிட்டோம். ராத்திரி ரெண்டரை மணி இருக்கும், தகரத்தை யாரோ மடிக்கிற மாதிரி ஒரு சத்தம், உடனே கண்ணாடி உடையற சத்தம். இவரு டென்ட்டை விட்டு வெளிய வந்து டார்ச் அடிச்சு கத்தினாரு, நான் பாத்திரத்தை தட்டினேன், அது அவசரமே படாம இறங்கி மரங்களுக்குள்ள போயிடுச்சு.

காலைல பார்த்தா பின்பக்க சைடு கண்ணாடி மொத்தமா பேர்ந்து கீழ கிடந்துது. உள்ள மத்ததெல்லாம் அப்படியே இருக்கு, பையனோட கார் சீட் மட்டும் குதறி கிடக்கு. கவர் கிழிஞ்சு, உள்ள இருந்த வெள்ளை ஃபோம் துண்டு துண்டா, ஸ்ட்ராப்ல நாலு கோடு நகம் இழுத்த மாதிரி. அவன் தினமும் உக்கார்ற சீட். நான் அதைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அங்கேயே உக்காந்திருந்தேன்.

இன்சூரன்ஸ்ல காம்ப்ரிஹென்சிவ், அதாவது மோதல் இல்லாத சேதத்துக்கான கவரேஜ், இருந்ததால பணம் வந்துது, மோதலுக்கான கொலிஷன் மட்டும் எடுத்திருந்தா மிருகம் பண்ற சேதத்துக்கு வராது, இது நிறைய பேருக்குத் தெரியல. ஆனா எனக்கு மனசுல நின்னது ரேஞ்சர் சொன்னதுதான். அந்தக் கரடிக்கு காதுல அடையாள டேக் இருந்துதான்னு கேட்டாங்க, இருந்துதுன்னு சொன்னோம். கார்ல சாப்பாடு கிடைக்கும்னு பழகின கரடி மறுபடி மறுபடி வரும், ஆளுங்களுக்கு பயப்படாது, கடைசில அதைக் கொல்ல வேண்டிய நிலைமை கூட வரும்னாங்க. ஒரு பிஸ்கட் தூளுக்காக.

அன்னைல இருந்து இதைப் பத்தி கிடைச்சதெல்லாம் படிக்கறேன். யோசெமிட்டில 1998தான் ரொம்ப மோசமான வருஷம், அந்த ஒரு வருஷத்துல 1,584 சம்பவம், சேதம் 6.5 லட்சம் டாலருக்கு மேல. அதுக்கப்புறம்தான் அரசாங்கம் பணம் ஒதுக்கி, லாக்கர் வச்சு, ராத்திரி ரோந்து போட்டு நிறைய குறைச்சிருக்காங்க. கரடியை கெடுத்ததே மனுஷங்கதான், ஒரு காலத்துல குப்பையை ஒரு இடத்துல கொட்டி கரடிங்க வந்து திங்கறதை ஜனங்க உக்காந்து வேடிக்கை பார்க்கவே ஏற்பாடு பண்ணியிருந்தாங்க, 1940லதான் அதை நிறுத்தினாங்க.

இன்னொண்ணு, எங்களுக்குன்னே எழுதின மாதிரி இருந்துது. 2009ல வந்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைல 2001ல இருந்து 2007 வரைக்கும் யோசெமிட்டில கரடி உடைச்ச 908 வண்டியை கணக்கெடுத்திருக்காங்க. அதுல 26 சதவீதம் மினிவேன், 22.5 எஸ்யூவி. அங்க வந்து நின்ன மினிவேனோட எண்ணிக்கையை வச்சு பார்த்தா இது ரொம்பவே அதிகம். காரணம் இதுவா இருக்கலாம்னு அவங்க சொல்றது: குழந்தைங்க இருக்கற வண்டி, கொட்டறது சிந்தறது ஜாஸ்தி, சாப்பாடும் நிறைய ஏத்திட்டு வருவாங்க, பின் சைடு கண்ணாடியை சுலபமா நெம்பிடலாம், ஒரு சில கரடிங்க இதுலயே தேர்ந்துட்டிருக்கலாம். எங்க வண்டியையும் கரடி அந்தக் கண்ணாடி வழியாதான் உடைச்சுது.

செப்டம்பர் 12, வியாழன்

வந்து சேர்ந்தாச்சு. வர்ற வழில ரோட்டோரம் சிவப்பு கரடி படம் போட்ட போர்டு ரெண்டு மூணு பார்த்தோம், வேகமா வந்த வண்டி கரடியை அடிச்ச இடத்துல வைக்கற போர்டு அது. அதைப் பார்த்ததும் இவரு சொல்லாமலே ஸ்பீடை குறைச்சாரு.

சைட்டுக்கு வந்ததும் டென்ட் போடறதுக்கு முன்னாடி லாக்கர் வேலை. இங்க ஒவ்வொரு சைட்லயும் ஒரு இரும்பு லாக்கர் இருக்கும், அகலம் 45 இஞ்ச், ஆழம் 33, உயரம் 18. வாங்கற கூலர் இதுக்குள்ள போகுமான்னு வீட்லயே அளந்து பார்த்துட்டு வரணும், பெரிய கூலரைத் தூக்கிட்டு வந்துட்டு உள்ள போகலைன்னு முழிக்கறவங்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கறேன். கூலர் காலியா இருந்தாலும் உள்ளதான் வைக்கணும்.

சாப்பாடுன்னா திங்கற பொருள் மட்டும்னு நெனச்சுக்காதீங்க. டூத்பேஸ்ட், சோப்பு, ஷாம்பு, சன்ஸ்கிரீன், பேபி வைப்ஸ், அடுப்புல ஒட்டின எண்ணெய், குப்பை, பிரிக்காத டின்னு எல்லாமே லாக்கர்தான். பகல்ல வண்டில சாப்பாடு வச்சுக்கலாம், கண்ணுல படாம மறைச்சு, ஜன்னல் முழுசா ஏத்தி விட்டிருக்கணும். இருட்டினதுக்கப்புறம் ஒண்ணும் இருக்கக்கூடாது. மீறினா அபராதம் 5,000 டாலர் வரைக்கும் போகலாம், வண்டியையும் எடுத்துட்டுப் போகலாம்.

கார் சீட்தான் எனக்கு பிரச்சனையா இருந்துது. லாக்கர்ல அது போகாது, டென்ட்டுக்குள்ள வைக்கறதை விட ஆபத்து வேற இல்ல. அதனால துவைச்ச கவரையும் கழட்டி மடிச்சு லாக்கர்ல வச்சுட்டேன், வெறும் பிளாஸ்டிக் கூடு மட்டும் வண்டில, அதையும் ஈரத்துணியால ஒரு தடவை துடைச்சாச்சு. காலைல திரும்ப மாட்ட பத்து நிமிஷம் ஆகும், ஆகட்டும்.

சமைக்கும்போது லாக்கர் கதவை திறந்து போட்டுட்டு நின்னேன், அந்த வழியா போன ரேஞ்சர் நின்னு பக்கத்துல ஆள் இருந்தாலும் மூடித்தான் வைக்கணும்னு சொல்லிட்டு போனாங்க. சரிதான், அவங்க சொல்றது.

செப்டம்பர் 13, வெள்ளி

பகல்ல மிரர் லேக் நடை. பையன் பாதி தூரம் நடந்தான், மீதி இவரு தோள்ல.

திரும்பி வரும்போது கரி வில்லேஜ் பார்க்கிங் பக்கம் போனோம். அங்க வண்டி நிறுத்தற இடமே ஒரு பழைய ஆப்பிள் தோப்பு, 19ஆம் நூற்றாண்டுல குடியேறினவங்க வச்ச மரங்க. கரடிங்களுக்கு இப்ப பனிக்காலத்துக்கு முன்னாடி உடம்பு ஏத்தற நேரம், ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரைக்கும் திங்கும், அந்த ஆப்பிளுக்கு வர்ற கரடிக்கு கீழ வரிசையா காரு நிக்குது. இந்த மாசத்துல அங்க ராத்திரி வண்டி விடறதா இருந்தா ரெண்டு தடவை உள்ள செக் பண்ணணும்னு எனக்குத் தோணுது.

அத்தைக்கு ஒரு சந்தேகம், "கருங்கரடின்னு சொல்றீங்க, படத்துல பழுப்பா இருக்கே?" இங்க இருக்கறது கருங்கரடி இனம் மட்டும்தான் அத்தை, நிறைய பழுப்பா, வைக்கோல் கலர்ல கூட இருக்கும்னேன். கிரிஸ்லிங்கற பெரிய பழுப்புக் கரடி கலிஃபோர்னியால அழிஞ்சு போய் நூறு வருஷம் ஆச்சு.

செப்டம்பர் 14, சனி

காலைல ஆறு மணிக்கு பல் தேய்க்க எழுந்தவ அப்படியே நின்னுட்டேன்.

வண்டியோட பின் சைடு கண்ணாடில, சரியா பையன் உக்கார்ற பக்கம், மூக்கு வச்ச அடையாளம். ரெண்டு நாள் ரோட்டுத் தூசி படிஞ்ச கண்ணாடில ஈரமா ஒரு வட்டம், அது காஞ்சு ஓரம் மட்டும் வெள்ளையா தெரியுது, அதைச் சுத்தி மூச்சு விட்ட இடம் கொஞ்சம் கலங்கலா. அதுக்கு மேல கண்ணாடி முடியற இடத்துல ஒரு கால் வச்ச தடம், அஞ்சு விரலும் தனித்தனியா. நகம் இழுத்த கோடு ஒண்ணு கூட இல்ல. நின்னிருக்கு, மோந்து பார்த்திருக்கு, போயிருக்கு. நாங்க நாலு பேரும் சத்தமே கேக்காம தூங்கிட்டிருந்திருக்கோம்.

இவரை எழுப்பி காட்டினேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. அவரு போய் ஸ்லைடிங் டோரைத் திறந்து உள்ள குனிஞ்சு ஒரு தடவை மோந்து பார்த்துட்டு வந்தாரு.

ரெண்டு வரிசை தள்ளி ஒரு செடான், அதுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல. பின் கதவோட மேல் ஃப்ரேமை நகத்தை விட்டு இழுத்து கீழ மடிச்சிருக்கு, டப்பாவைத் திறக்கற மாதிரி. பின் சீட்ல ஒரு கூலர், காலி கூலர்தான், கழுவி வச்சிருந்தோம்னு அந்தப் பொண்ணு அழுதுட்டே சொல்றா. ஆனா பழகின கரடி கூலரைப் பார்த்தாலே தெரிஞ்சுக்கும், வாசனை கூட தேவையில்ல. அதுல ஒண்ணும் கிடைக்கலைன்னதும் பின் சீட்டைக் கிழிச்சு டிக்கி வரைக்கும் போக பார்த்திருக்கு. டிக்கில வச்சா சேஃப்னு நெனைக்கறவங்களுக்கு இதைத்தான் காட்டணும். நானும் அத்தையும் போய் கண்ணாடித் தூளைப் பெருக்கி எடுக்க உதவி பண்ணினோம், சீட் தையலுக்குள்ள எல்லாம் போயிருந்துது. அத்தை அந்தப் பொண்ணு முதுகைத் தடவிக் குடுத்துட்டே இருந்தாங்க, மொழி தெரியாது, ஆனா விடவே இல்ல.

செப்டம்பர் 15, ஞாயிறு

நேத்து ராத்திரி யாரோ கத்தி விரட்டற சத்தம் ஒரு தடவை கேட்டுது, நம்ம பக்கம் ஒண்ணும் வரல.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ரேஞ்சரைப் பார்த்தேன், ரெண்டு வருஷமா கேக்கணும்னு நெனச்சதை கேட்டுட்டேன். 2022ல எங்க வண்டியை உடைச்ச கரடி இப்ப இருக்கா? அவங்க பொறுமையா கேட்டுட்டு டேக் என்ன கலர், நம்பர் ஏதாவது ஞாபகம் இருக்கான்னாங்க. மஞ்சளா ஆரஞ்சான்னு எனக்கு சொல்லத் தெரியல, டார்ச் வெளிச்சத்துல பார்த்தது, நம்பரை யாரு பார்த்தா. அவங்க தலையை ஆட்டினாங்க, அவ்ளோதான். இந்தப் பார்க் முழுக்க 300ல இருந்து 500 கரடி இருக்குன்னு கணக்கு, அதுல ஒண்ணு.

மூக்குத் தடத்தை துடைக்க மனசு வரல. அப்படியே ஓட்டிட்டு வந்தோம்.

செப்டம்பர் 18, புதன்

தம்பி போன் பண்ணினான், அடுத்த வாரம் லேக் டாஹோல கேபின் எடுத்திருக்கானாம், "நீ பாட்டுக்கு பயமுறுத்தாத அக்கா, நாங்க டென்ட்ல இல்ல, வீட்டுக்குள்ளதான்"ங்கறான். வீட்டுக்குள்ள நீ இருக்கடா, வண்டி வெளிய நிக்கும்ல?

அங்கயும் கரடி உண்டு, கார் கதவை பூட்ட மறக்கவே கூடாதுன்னு சொன்னேன். பூட்டாத கார் கதவோட ஹேண்டிலை தூக்கி திறக்க கரடிக்கு நல்லாவே தெரியும். உள்ள ஏறினதும் பின்னாடி கதவு தானா சாத்திக்கிச்சுன்னா வெளிய வரத் தெரியாம டேஷ்போர்ட், சீட், கூரை எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுடும், ஹாரன் அடிக்கற சத்தம் கேட்டு எழுந்தவங்க எல்லாம் இருக்காங்க. அப்படி ஆச்சுன்னா கிட்ட போய் கையால திறக்காத, போலீஸுக்கு போன் பண்ணு, அவங்க ஹேண்டில்ல கயிறு கட்டி தூரத்துல இருந்து இழுத்து திறப்பாங்க. பூட்டினா மட்டும் போதாது, உள்ள வாசனையும் இருக்கக்கூடாதுன்னு ரெண்டு தடவை சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "பாப்பாவோட கார் சீட்டை என்ன பண்றது"ன்னு கேட்டான்.

அவன் பொண்ணுக்கு ரெண்டு வயசுதான். தினமும் சாயங்காலம் சீட்டை கழட்டி கேபினுக்குள்ள கொண்டு போயிடுன்னேன், கழட்டினதே இல்ல, வாங்கினப்ப கடைல மாட்டிக் குடுத்ததோட சரின்னான். வீடியோ கால்ல வர சொல்லி எங்க வண்டி சீட்டை வச்சு காட்டினேன், எந்த க்ளிப்பை அமுக்கணும், கவர் எங்க இருந்து உரியும், பக்கிள் பள்ளத்துல டூத்பிரஷ் எப்படி விடணும்னு. இருபது நிமிஷம் ஆச்சு. கடைசில அவன் சீட்டையும் கழட்டி தூக்கினான், கீழ கேமராவை காட்டினான்.

"அக்கா, இங்க ஒரு முழு வாழைப்பழத் தோல் இருக்கு"ன்னான்.