அனுப்பியது போய்ச் சேர்ந்ததா?

மாசி மாதம், வேளாண்மை வெட்டு மும்முரமாக நடந்த நேரம். படுவான்கரைப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த கணினி நிரல் பிற்பகல் 3 மணியளவில் நின்றுபோனது. திரும்ப ஓடவிட்டுப் பார்த்தால், முற்பகல் 11 மணிக்குப் பிறகு தராசில் ஏறிய ஒரு மூடைகூடக் கணக்கில் இல்லை.

நிரலின் அமைப்பு எளிமையானது. ஆலையில் 3 தராசுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டாஸ்க், அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை. அது எடையை வாசித்து, ஒரு படமும் பிடித்து, இரண்டையும் சேர்த்து ஒரு சனலில், அதாவது டாஸ்க்குகளுக்கு இடையே செய்தி கடத்தும் வரிசையில், போடும். மறுமுனையில் இன்னொரு டாஸ்க் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, மட்டக்களப்பு நகரில் இருக்கும் எங்கள் சேர்வருக்கு அனுப்பும். ரஸ்ட் என்ற நிரல் மொழியில், டோக்கியோ என்ற நிரல் நூலகத்தின் எம்பிஎஸ்சி சனல்: போடுகிறவர்கள் பலர், எடுப்பவர் ஒருவர். அதில் கொள்ளளவு வரம்பில்லாத வகையை நான்தான் தெரிவு செய்தேன். போடுகிற டாஸ்க் ஒருபோதும் காத்திருக்க வேண்டியதில்லை என்பது அப்போது எனக்குப் பெரிய வசதியாகத் தெரிந்தது.

அன்று 11 மணிக்கு இணையம் அறுந்தது. தராசுகள் ஓயவில்லை, பதிவுகள் சனலில் குவிந்தன. ஒரு பதிவு படத்தோடு சேர்த்து ஏறத்தாழ 300 கிலோபைட். கணினியின் நினைவகமோ 1 ஜிகாபைட்தான். 3000 மூடையை நெருங்கும்போது இயங்குதளம் எங்கள் நிரலைக் கொன்றுவிட்டது. சனலில் இருப்பது நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. நிரல் போனால் அதுவும் போகும்.

"கொப்பியில எல்லாம் கிடக்கு மனே, பயப்படாத" என்றார் ஆலைக் கணக்கப்பிள்ளை. அவர் வாசிக்க வாசிக்க, இரவு 10 மணி வரை இருந்து தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு வரியிலும் ஒரு விவசாயியின் பெயர். அந்தக் கொப்பி இல்லாவிட்டால் அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

சனலில் போடும்போது 'ஓகே' என்று பதில் வரும். அதைச் 'சேர்ந்துவிட்டது' என்றே இவ்வளவு காலமும் வாசித்திருந்தேன். அந்தப் பதில் வந்தாலும் மறுமுனைக்குச் செய்தி கிடைக்கும் என்று உறுதியில்லை என டோக்கியோவின் ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. கணினி அறிஞர் டோனி ஹோர் 1978இல் முன்வைத்த செய்தி கடத்தும் முறையில் இந்தச் சிக்கல் எழவில்லை. அங்கே கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே கணத்தில் சந்திக்க வேண்டும், இடையில் தேக்கம் கிடையாது. கோ என்ற நிரல் மொழியில் அளவு குறிப்பிடாமல் உருவாக்கும் சனலும் அப்படித்தான். டோக்கியோவில் கொள்ளளவு 0 என்று கொடுத்தால் நிரல் அந்த இடத்திலேயே முறிந்துவிடும். ஆகவே அங்கே இடையில் ஒரு தேக்கம் எப்போதும் உண்டு.

என் அப்பாவின் வயல் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் விளைவது. துருசு திறந்தாயிற்று என்று ஆள் வந்து சொன்னாலும் அவர் வீட்டில் இருக்கமாட்டார். கடைசி வரவையின் வக்கடையில் தண்ணீர் ஏறுவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் சோற்றில் கைவைப்பார். அன்றிரவு வீடு திரும்பும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு மாற்றி எழுதினோம். சனலுக்கு 32 என்று வரம்பு. நிறைந்தால் தராசு டாஸ்க் காத்திருக்கும். மறுமுனை டாஸ்க் முதலில் பதிவைக் கணினியின் வட்டில் எழுதும், சேர்வருக்கு அனுப்புவது அதன் பிறகு, இணையம் இருக்கும்போது. முக்கியமானது இது: ஒவ்வொரு பதிவோடும் ஒரேயொரு பதிலுக்கான சிறிய சனல் ஒன்றையும் சேர்த்து அனுப்புகிறோம். வட்டில் எழுதி முடிந்ததும் அதன் வழியே பதில் வரும். அது வந்தால்தான் தராசுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும்.

இன்னொரு பிழை பின்னர் அகப்பட்டது. மாலையில் நிரலை நிறுத்தினால் நிற்காது. அனுப்பும் முனைகள் எல்லாம் கைவிடப்பட்டால்தான் வாங்கும் பக்கத்துக்கு 'இனி இல்லை' என்பது தெரியும். தராசுகளுக்கு அந்த முனையின் பிரதிகளைக் கொடுத்துவிட்டு மூலத்தை நானே வைத்திருந்தேன். அதைக் கைவிட ஒரு வரி போதுமாயிருந்தது. கண்டுபிடிக்க இரண்டு நாள்.

கணக்கப்பிள்ளை கொப்பியை விடவில்லை. விடச் சொல்லி நானும் கேட்கவில்லை. இப்போது மூடை தராசில் ஏறியதும் பேனையைக் கையில் எடுத்துக்கொண்டு விளக்கைப் பார்ப்பார். பச்சை எரிந்த பிறகுதான் எழுதுவார்.