உள்ளங்கால் மஞ்சள்

தங்கச்சி பிள்ளைக்குப் பிறந்த மூன்றாம் நாளே கண் மஞ்சளாகிவிட்டது. "காலை வெயில்ல காட்டு, சரியாயிடும்" என்றார் அத்தை. நானும் தலையாட்டினேன். மறுநாள் உள்ளங்கால் வரை மஞ்சள். பாலுக்கு எழுப்பினாலும் முழிக்கவில்லை. அள்ளிக்கொண்டு ஓடினோம். சிவப்பணுக்கள் உடையும்போது ரத்தத்தில் சேரும் மஞ்சள் நிறமியான பிலிருபின் 22.

தாய் ஓ பாசிட்டிவ், பிள்ளை பி பாசிட்டிவ். ரத்த வகை ஒத்துப்போகாததால் பிள்ளையின் சிவப்பணுக்கள் வேகமாக உடைந்திருக்கின்றன. பிலிருபின் இன்னும் ஏறினால் மூளையில் படியுமாம். அப்புறம் காது கேட்காமல் போகலாம், கைகால் தன்னிஷ்டத்துக்கு முறுக்கலாம், திரும்பச் சரியாகாது.

கண்ணைக் கட்டி, வெறும் டயப்பரோடு இரண்டு நாள் நீல விளக்கின் கீழ். 1956இல் இங்கிலாந்தில் ஒரு நர்ஸ், வெயில் பட்ட இடத்தில் மட்டும் குழந்தையின் மஞ்சள் வெளுத்ததைக் கவனித்ததில் பிறந்த வைத்தியம் இது. அத்தை சொன்னதில் பாதி உண்மைதான். ஆனால் 22க்கு ஜன்னல் வெயில் எந்த மூலைக்கு?

இன்று 11. பசி என்று வார்டே அதிரக் கத்துகிறான்.