மார்கழி மழையில் வந்த கோழிக்குஞ்சுகள்

2011 மார்கழியில் இலங்கையின் வடக்கே வன்னியில், மல்லாவிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் தொண்டு நிறுவனத்தின் சார்பில் ஆயிரத்து இருநூறு கோழிக்குஞ்சுகளை இறக்கினோம். நாற்பது குடும்பங்கள், குடும்பத்துக்கு முப்பது. விடாத மழை. பாதிக் கூடுகளுக்கு இன்னும் கூரை போட்டிருக்கவில்லை. மாதர் சங்கத் தலைவி, நான் பெரியக்கா என்று அழைப்பவர், பசளைப் பை ஒன்றை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பெட்டிகளை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இதைத் தை பிறந்த பிறகு தந்தால் என்ன?"

நான் வாய் திறக்கவில்லை. கொடையாளரின் நிதியாண்டு டிசெம்பர் 31 உடன் முடிகிறது. செலவழியாத காசு திரும்பிப் போகும். திரும்பிப் போனால் அடுத்த ஆண்டுக்கு வெட்டு விழும். மழை எப்போது பெய்யும் என்பது வன்னிக்குத் தெரியும். நிதியாண்டு எப்போது முடியும் என்பது எங்கள் அலுவலகத்துக்குத் தெரியும். அலுவலகம் எதைக் கேட்டு நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பொங்கலுக்குள் பாதிக்கு மேல் செத்துவிட்டன. அறிக்கையில் "வழங்கப்பட்டவை: 1,200" என்று எழுதினேன். உயிரோடு எத்தனை என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. ஒரு வரிகூடப் பொய் எழுதவில்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அந்த ஆண்டுகளில் ஏ9 வீதியில் நிறுவன வாகனங்கள்தான். போரில் இடம்பெயர்ந்து, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பிய சனங்களுக்குத் தறப்பாளும் தகரமும் அவர்கள்தான் கொடுத்தார்கள். அதை மறந்து பேசுகிறவன் நானல்ல. என் வீட்டுக் கூரையும் அப்படி வந்ததுதான். நான் சொல்ல வருவது வேறு. பெரியக்காவின் சங்கத்தில் அப்போது மூன்று காசேடுகள் இருந்தன, மூன்று கொடையாளர்களுக்கு ஒவ்வொன்றாக. உறுப்பினர்கள் மாதாமாதம் போட்ட சந்தாவுக்கு ஒரு பழைய கொப்பி. மூன்று காசேடுகளும் ஒற்றை ரூபா பிசகாமல் இருக்கும். கொப்பியில் ஏழு மாதம் எழுதப்படாமலே கிடந்தது. அந்தக் கொப்பியைப் பார்க்க வெளியிலிருந்து ஒருவரும் வரவில்லை.

ஒரு நிறுவனம் வீட்டுத்தோட்டம் என்றால் சங்கத்தின் முன்னுரிமை வீட்டுத்தோட்டம். இன்னொன்று தலைமைத்துவப் பயிற்சி என்றால் தலைமைத்துவம். அதே பெண்கள் அதே பயிற்சிக்கு நான்கு தரம் போய் வந்தார்கள். "இப்போது நாங்கள் எல்லோரும் தலைவிகள், பின்னால் நடக்கத்தான் ஆள் இல்லை" என்பார் பெரியக்கா.

பிறகு வார இறுதிகளில் வவுனியாவுக்குப் போய் முகாமைத்துவம் படித்தேன். ஜெஃப்ரி பெஃபர், ஜெரால்ட் சாலன்சிக் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1978 இல் எழுதியதைப் பற்றி விரிவுரையாளர் ஒரு மணி நேரம் பேசினார். ஒரு நிறுவனம் ஏன் இப்படி நடக்கிறது என்று அறிய வேண்டுமானால் அதன் நோக்கக் கூற்றை வாசித்துப் பயனில்லை, அது உயிர்வாழத் தேவையானதை யார் கையில் வைத்திருக்கிறார் என்று பார் என்பது சாரம். அதற்கு மூன்று கேள்விகள்: அந்தப் பொருள் இல்லாமல் எவ்வளவு நாள் தாங்கும்? அதை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பது யார்? வேறு இடத்தில் கிடைக்குமா? கடைசி வாங்கில் இருந்தபடி நான் கோழிக்குஞ்சுகளை நினைத்துக்கொண்டேன்.

அதைவிடக் குத்தியது இன்னொன்று. அதே இருவரும் 1974 இல் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தை ஆராய்ந்து, வெளியிலிருந்து ஆய்வு நிதி கொண்டுவரும் துறைகளுக்கே உள்ளே செல்வாக்கு அதிகம், பொது நிதியில் பங்கும் அதிகம் என்று காட்டியிருக்கிறார்கள். வெளிக்காசுக்கு வழி தெரிந்தவன் வீட்டுக்குள்ளும் பெரியவனாகிவிடுகிறான். எங்கள் சங்கக் கூட்டங்களில் ஆடு வளர்த்து முப்பது வருடம் கண்ட அக்காமார் சுவரோரம் இருப்பார்கள். ஆங்கிலத்தில் முன்மொழிவு எழுதத் தெரிந்த ஒரு பொடியன் நடுவில் கதிரை போட்டு இருப்பான். எந்த இன ஆடு வாங்குவது என்று அவனைத்தான் கேட்பார்கள். அவனுக்கு ஆட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தப் பொடியன் நான்தான்.

இது கொடையாளர் காசோடு மட்டும் வருகிற வியாதி என்று நினைத்திருந்தேன். இல்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். எங்கள் ஐயா இருக்கிற கமக்காரர் அமைப்பில் அதுவரை கூட்டம் என்றால் கதிரை போதாது. அந்த ஆண்டு காலபோக (மாரிகால நெற்செய்கை) கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள். அமைப்பின் சிபாரிசுக் கடிதத்துக்கும் முத்திரைக்கும் இருந்த மரியாதை முழுவதும் மானியப் பசளையின் மரியாதை என்பது அன்று ஐயாவுக்கு விளங்கியது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். எங்கள் வயலில் முதல் பசளை போடும் காலம் அதற்குள் போய்விட்டது.

நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் போயின. வன்னிக்கு இது புதிதல்ல. 2008 செப்டெம்பரில் போர் நெருங்க, அரசாங்கத்தின் உத்தரவோடு ஐ.நா. அலுவலகங்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியபோது போகாதீர்கள் என்று சனம் வாசலில் நின்றது. இந்த முறை ஒருவரும் நிற்கவில்லை. செயற்றிட்டம் முடிந்தது, கடிதம் வந்தது, அவ்வளவுதான். என் வேலையும் போனது.

பெரியக்காவின் சங்கம் மட்டும் பாலில் பிழைத்துக்கொண்டது. நூற்று நாற்பது லீற்றர், ஒரே ஒரு லொறி. காலை ஆறேகாலுக்கு வரும். ஐந்து நிமிடம் பிந்தினால் போய்விடும். லொறிக்காரர் பாலின் அடர்த்தியை அளக்கும் லக்ரோமீற்றரைப் பாலில் விட்டுப் பார்த்து, "தண்ணி கலந்திருக்கிறது" என்று விலையில் வெட்டுவார். இரண்டு வருடம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள். பிறகு பெரியக்கா தானும் ஒரு லக்ரோமீற்றர் வாங்கினார். கறந்த சூட்டோடு அளந்தால் அது குறைத்துத்தான் காட்டும். அதே பாலைக் கானோடு தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஆறவைத்து அளந்தால் அளவு ஏறும். இதை லொறிக்காரரிடம் செய்தே காட்டினார். அவர் சிரித்துவிட்டு அதே வெட்டை வெட்டினார். கணக்குச் சரியாக இருந்தால் போதாது, விற்க இன்னொரு இடமும் வேண்டும்.

போன வருடத்திலிருந்து நாளுக்கு முப்பது லீற்றரை ஒதுக்கிச் சட்டித் தயிர் போடுகிறார்கள். மாங்குளம் சந்தியில் இரண்டு கடைகள் எடுக்கின்றன. சட்டிக் காசையும் பஸ் கூலியையும் கழித்தால் லீற்றருக்கு லொறி விலையைவிடக் குறைவாகத்தான் தேறுகிறது. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன், இது நட்டம் என்று. பெரியக்கா கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"தம்பி, நீ தயிருக்குக் கணக்குப் பார்க்கிறாய்."

அப்போது அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. லொறிக்காரர். பால் ஆறும்வரை நிற்கிறேன், இன்றைக்கு எத்தனை லீற்றர் தருவீர்கள் அக்கா என்று கேட்டார். பெரியக்கா தொட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பொறுங்கள், தயிருக்கு எடுத்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார்.