எந்த உப்பு?

அம்மா மூன்று மாதம் உப்பில்லாமல் சாப்பிட்டாள். ரசம், கீரை, சாம்பார், எதிலும் ஒரு கல் உப்பு கிடையாது. கருவாட்டுக் குழம்பு இல்லாமல் ஒரு வாரம் ஓட்டத் தெரியாத கடலூர்க்காரி, கருவாட்டுச் சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டாள். எல்லாம் ஒரே ஒரு வரியால் வந்தது. நாங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "உப்பு கொஞ்சம் ஏறியிருக்கும்மா, பாத்துக்கோங்க" என்றார் டாக்டர். அம்மா தலையாட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் தலையாட்டினேன். அதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிட்டது.

அவர் சொன்ன உப்பு கிரியாட்டினின். நம் ஊரில் இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை வியாதியைத்தான் சமாளிக்கிறார்கள்! யூரியா ஏறினாலும் உப்பு, கிரியாட்டினின் ஏறினாலும் உப்பு, மாசமாக இருக்கும் பெண்ணுக்குச் சிறுநீரில் புரதம் போனாலும் உப்பு. சொல்பவருக்கு எந்த உப்பு என்று தெரியும். கேட்பவர் வீட்டில் இருப்பது ஒரே உப்பு, அது அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஜாடியில் இருக்கிறது.

கிரியாட்டினின் என்பது தசைகளில் உண்டாகிற கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளவேண்டும், வடிகட்டி பழுதானால் ரத்தத்தில் தேங்கும். உப்பு ஜாடியை ஒளித்து வைத்தால் அந்த எண் இறங்காது. உப்பைக் குறைப்பது நல்லதுதான், அதில் சண்டை இல்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, ரத்த அழுத்தம் அடங்கினால் சிறுநீரகத்துக்கும் லாபம். ஆனால் அம்மாவின் சிறுநீரகத்தை அடித்துக்கொண்டிருந்தது வேறு ஒன்று, அது ஜாடியில் இல்லை, அவள் தலையணைக்கு அடியில் இருந்தது.

மூட்டு வலி மாத்திரை. ரெண்டு வருஷமாக, வலி வந்த அன்றெல்லாம் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டினால் சீட்டு இல்லாமலே கொடுத்துவிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கிற உடம்பில் டைக்ளோஃபினாக் மாதிரியான மாத்திரைகளை அடிக்கடி போட்டால் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்த ஓட்டம் குறையும், பழுது வேகமாகும். இதைக் கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. அவள் கணக்கில் மாத்திரை என்றால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போடுவது, வலிக்குப் போடுவது தைலம் தடவுகிற மாதிரி, அதைப் போய் டாக்டரிடம் சொல்வார்களா?

என் பங்குக்கு நானும் ஒரு காரியம் செய்தேன். உப்பில்லாமல் அம்மா இளைத்துப்போவதைப் பார்க்கச் சகிக்காமல், எதிர்வீட்டு அத்தை சொன்னார் என்று சோடியம் குறைந்த உப்பு ரெண்டு பாக்கெட் வாங்கி வந்தேன். சாதா உப்பைவிட விலை அதிகம், அதனாலேயே நல்லது என்று நினைத்துக்கொண்டேன். பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் பொட்டாசியம் குளோரைடு என்று போட்டிருந்தது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்குப் பொட்டாசியம் உடம்பிலேயே தங்கிவிடும், அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இந்த வகை உப்புக்கு மாறலாம் என்று 2025 ஜனவரியில் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம்கூட, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. நல்லவேளை, ருசி பிடிக்கவில்லை என்று அம்மா நாலு நாளில் அதை ஓரம்கட்டிவிட்டாள்.

அடுத்த பரிசோதனையில் 1.5 இருந்த கிரியாட்டினின் 1.9 ஆகியிருந்தது. "உப்பே தொடலையேடா" என்று அம்மா அழுதுவிட்டாள். விடியக்காலை பஸ்ஸைப் பிடித்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

1823ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த இடம் அது. இப்போது மத்திய அரசு நிறுவனம் என்பதால் எந்தெந்த மாநிலத்திலிருந்தோ டாக்டர்கள் வருகிறார்கள். மொழி தெரியாத டாக்டரிடம் வயிற்று வலியைச் சொல்லிப் புரியவைப்பது புதுச்சேரிப் பக்கத்து ஜனங்களுக்குப் புதிதில்லை. எங்களுக்கு வாய்த்தவர் இளவயசுப் பையன், வடக்கே எங்கிருந்தோ வந்தவர், தமிழ் ஒரு நூறு வார்த்தை இருக்கும். போச்சு, இன்னிக்கும் தலையாட்டிவிட்டு வரவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"என்ன பண்ணுது?" என்று ஆரம்பித்தார். "உப்பு ஏறிடுச்சு சார்" என்றாள் அம்மா. அவர் நிமிர்ந்து பார்த்து, "உப்பா? எந்த உப்பு?" என்றார்.

மூன்று மாதத்தில் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அவர்தான். தமிழ் நன்றாகத் தெரிந்த டாக்டரும் தமிழே பேசுகிற நாங்களும் ஒரே வார்த்தையைச் சொல்லி, ஆளுக்கொன்றாகப் புரிந்துகொண்டு எழுந்து வந்திருந்தோம். இவருக்கு வார்த்தை தெரியாததால் கேட்டார். நான் ரிப்போர்ட்டை நீட்டினேன். பார்த்துவிட்டு, "இது சாப்பாட்டு உப்பு இல்லம்மா" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

அப்புறம் முட்டி. வலி எப்படி இருக்கும் என்று கேட்டார். "குடையுது சார்" என்றாள். குடை அவருக்குத் தெரிந்த நூறில் ஒன்று போல, அம்மா மடியில் இருந்த குடையைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார். பக்கத்தில் ஊசி எடுத்துவைத்துக்கொண்டிருந்த சிஸ்டர் சிரித்துக்கொண்டே வந்து விரலைத் திருகு போலச் சுற்றிக் காட்டினார். "இதுக்கு என்ன மாத்திரை? எல்லா மாத்திரையும் காட்டுங்க" என்றார் டாக்டர். அம்மா மஞ்சள் பையைக் கவிழ்த்தாள். அதில் வலி மாத்திரை அட்டை ரெண்டு இருந்தது, வேறு வேறு பெயர், வேறு வேறு நிறம். ரெண்டிலும் பொடி எழுத்தைத் தேடிப் படித்து எனக்கு விரல் வைத்துக் காட்டினார், உள்ளே ஒரே டைக்ளோஃபினாக். வலி அதிகமான நாளில் அம்மா ரெண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறாள். மருந்தின் பொதுப் பெயரைப் படிக்கிற மாதிரி, முடிந்தால் பெரிய எழுத்தில், டாக்டர்கள் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016லேயே விதியைத் திருத்தியிருக்கிறது. ஆனால் சீட்டே இல்லாமல் வாங்குகிற எங்களை எந்த விதி வந்து காப்பாற்றும்?

ரெண்டு அட்டையிலும் மார்க்கரால் பெரிசாகப் பெருக்கல் குறி போட்டார். வலிக்குப் பாராசிட்டமால் எழுதினார். நாங்கள் எழுந்தோம், வழக்கம்போல் தலையாட்டினோம். அவர் விடவில்லை. "கால் வலிச்சா வீட்ல என்ன மாத்திரை? சொல்லுங்க" என்றார். அம்மா யோசிக்கவே இல்லை: "வலி கம்மின்னா நீங்க குடுத்தது, ரொம்ப வலிச்சா பழசு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அவர் கோபப்படவில்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது தடவைதான் அம்மா சரியாகச் சொன்னாள். இப்படி நோயாளியையே திருப்பிச் சொல்லவைப்பதற்கு டீச்-பேக் என்று பெயர், மருத்துவப் படிப்பில் இருக்கிற முறைதான். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நம் ஆட்கள் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். பெரிய படிப்புப் படித்தவர் கேட்கிறார், இல்லை என்றால் அவருக்கு மரியாதைக் குறைவு, நமக்கு அசிங்கம். எம்.காம். படித்த நானே தலையாட்டியவன்தானே.

முதலில் பார்த்த டாக்டரை நான் திட்டப்போவதில்லை. வாசலில் அறுபது பேர் நிற்கும்போது உப்பு என்பது நேரத்தை மிச்சப்படுத்துகிற வார்த்தை. இப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன், அம்மாவுக்கு என்ன செய்கிறது என்று தினத்தாள் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போகிறேன். போன தடவை "மயக்கம்" என்று எழுதியதை அடித்துவிட்டு "நிக்கும்போது தலை சுத்துது, விழலை, நினைவு இருக்கு" என்று எழுதினேன். மயக்கம் என்றால் நினைவு தப்பியதா, தலை சுற்றியதா என்று அவர்கள் எதையாவது எடுத்துக்கொள்வார்களே. படித்துப் பார்த்த டாக்டர் முதலில் செய்தது, அம்மாவை நிற்கவைத்து பிரஷர் பார்த்தது.

கிரியாட்டினின் 1.6ல் நிற்கிறது. பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பாது, ஏறாமல் பார்த்துக்கொள்வோம் என்றிருக்கிறார்கள். சாப்பாட்டில் அளவாக உப்பு வந்துவிட்டது, கருவாட்டுச் சட்டி மட்டும் இன்னும் பரணில்தான். நான் வாங்கிவந்த பாக்கெட்டில் ஒன்று பிரிக்காமல் கிடந்தது, அதை அம்மா கொல்லையில் மீன் அலச வைத்திருக்கிறாள். "இவ்ளோ விலை குடுத்து வாங்கினியே, வீணாக்கலாமா" என்கிறாள்.