பேக்ஹோ மந்தமாக இருந்தால் முதலில் சக்‌ஷன் பக்கம் பாருங்கள்

எங்கள் சின்ன டிராக்டரின் பின்னால் மாட்டியிருக்கும் பேக்ஹோவுக்கு (பம்ப் தள்ளும் ஆயிலால் நீண்டு சுருங்கும் சிலிண்டர்கள் ஆட்டும், குழி தோண்டும் கை) பலம் குறைந்ததே இல்லை. காய்ந்து இறுகிய செம்மண்ணிலும் பக்கெட் பல் இறங்கும். வேகம்தான் இல்லை. தென்னங்கன்றுக்கு மூன்றடிக்கு மூன்றடி குழி ஒன்று எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். அதிலும் காலையில் வண்டியை எடுத்த உடனே ரொம்ப மந்தம், கூடவே பம்பிலிருந்து ஒரு கீச்சென்ற சத்தம்.

“அண்ணே, ரிலீஃப் வால்வை ரெண்டு சுத்து டைட் பண்ணா பறக்கும்” என்றார் பட்டறைத் தம்பி. இந்த யோசனையைத்தான் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வால்வு கட்டுப்படுத்துவது அழுத்தத்தை, அதாவது பலத்தை. சிலிண்டர் எவ்வளவு வேகமாக நகரும் என்பது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் வருகிறது என்பதைப் பொறுத்தது. சந்தேகம் தீர பிரஷர் லைனில் ஒரு டீ வடிவ இணைப்பு போட்டு அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினேன். சிலிண்டரைக் கடைசி வரை நீட்டி லீவரைப் பிடித்தால் 140 பார் காட்டியது. தேவையான அழுத்தம் இருக்கிறது. இதற்கு மேல் ஏற்றினால் மூட்டுகளில் உள்ள பின்களும் வெல்டிங்கும்தான் அடி வாங்கும்.

சரி, வர வேண்டிய ஆயில் எவ்வளவு? பிடிஓ (டிராக்டர் இன்ஜினின் சுழற்சியைப் பின்னால் கொடுக்கும் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்று. கியர்பாக்ஸ் அதை மூன்று மடங்காக்கி 1,620 ஆக்குகிறது. பம்ப் ஒரு சுற்றுக்கு 16 சிசி தள்ளும். பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 26 லிட்டர், உள்கசிவு போக 24 என்று வைத்துக்கொள்ளலாம். பேக்ஹோவின் கையை ஆட்டும் சிலிண்டரின் உள்விட்டம் 80 மிமீ, அது நீளும் தூரம் 50 செமீ. அது முழுதாக நீள இரண்டரை லிட்டர் வேண்டும். கணக்குப்படி ஆறு விநாடி சொச்சத்தில் முடிய வேண்டிய வேலை. கைபேசியில் நேரம் பார்த்தால் 11 விநாடி. கிட்டத்தட்டப் பாதி ஆயில் வரவில்லை!

எங்கே குறைகிறது என்பதற்குச் சூடு ஒரு நல்ல துப்பு. பம்ப் தேய்ந்திருந்தால் ஆயில் சூடாகி இளகிய பிறகுதான் வேகம் விழும். எங்களுடையது நேர் எதிர்: ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போதுதான் மோசம். அப்படியானால் பம்ப் டேங்கிலிருந்து ஆயிலை இழுக்கும் பக்கத்தில், அதாவது சக்‌ஷன் பக்கத்திலேயே திணறுகிறது. டேங்க் மூடியைத் திறந்தால் மேலே ஒரு விரல்கடை நுரை. ஆயில் வெளுத்துப் போயிருந்ததால் தண்ணீர் கலந்திருக்குமோ என்று பயந்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் தெளிந்து பொன்னிறமாக இருந்தது. அது காற்றுதான், தண்ணீர் இல்லை.

காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு சக்‌ஷன் ஹோஸ் இணைப்புகளில் கெட்டி கிரீஸை அப்பிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். பம்ப் பக்கத்து கிளிப்பில் அப்பியதும் சத்தம் தணிந்தது. ஹோஸைக் கழற்றினால் உள்ரப்பர் ஊறிக் கொழகொழவென்று இருந்தது. டேங்குக்குள் இருந்த ஸ்ட்ரெய்னரை (வலை வடிகட்டி) பார்த்துத்தான் உண்மையிலேயே திகைத்தேன். டெஃப்லான் டேப் நூல்கள், பெயின்ட் செதில், காய்ந்த கேஸ்கெட் பசை எல்லாம் சேர்ந்து வலையில் ஒரு ஆடையே படிந்திருந்தது.

அந்தப் பழைய ஹோஸின் உள்விட்டமும் அரை அங்குலம்தான். அதில் 24 லிட்டர் போனால் ஆயிலின் வேகம் விநாடிக்கு மூன்று மீட்டரைத் தாண்டும். சக்‌ஷன் பக்கம் ஒரு மீட்டரை ஒட்டி இருப்பதுதான் பம்புக்கு நல்லது. ஒரு அங்குலக் குழாயில் அது 0.8 மீட்டராகிவிடும். அதனால் உள்ளே கம்பிச் சுருள் வைத்த ஒரு அங்குல சக்‌ஷன் ஹோஸ் வாங்கி, இணைப்புகளையும் அதே அளவுக்கு மாற்றினேன். பெரிய ஹோஸைப் போட்டு வாயில் சின்ன எல்போவை விட்டுவைத்தால் பலனில்லை. ஆயிலை டேங்குக்குத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டன் குழாய் ஆயில் மட்டத்துக்கு மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது, நுரைக்கு அதுவும் ஒரு காரணம். அதை ஆயிலுக்குள் மூழ்கும்படி நீட்டி, வாயை சக்‌ஷனுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினேன். அப்புறம் டேங்கைத் துடைத்து, புது ஸ்ட்ரெய்னர், ரிட்டன் ஃபில்டர், 68 கிரேடு ஆயில்.

இப்போது கை சிலிண்டர் ஏழு விநாடிக்குள் நீள்கிறது. கீச்சுச் சத்தமும் இல்லை. காலையிலும் மத்தியானத்திலும் ஒரே வேகம்.

பக்கெட் சிலிண்டர் மட்டும் சூடானதும் இன்னும் தளர்ந்தது. அதை முழுதாக நீட்டி நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் வைத்து, இன்ஜினை அணைத்து லீவர்களை ஆட்டி அழுத்தத்தை இறக்கிய பிறகு, ராடு (சிலிண்டரிலிருந்து நீளும் தண்டு) பக்க ஹோஸைக் கழற்றி அதன் முனையை அடைத்தேன். மறுபடி ஸ்டார்ட் செய்து, தள்ளி நின்று, நீட்டும் பக்கம் மட்டும் மெதுவாக அழுத்தம் கொடுத்தால், சிலிண்டரின் திறந்த வாய் வழியே ஆயில் விடாமல் வழிந்தது. சிலிண்டருக்குள் ஆயில் மறுபக்கம் போகாமல் தடுக்கும் பிஸ்டன் சீல் போயிருக்கிறது. (கசிவைத் தேடும்போது கையால் தடவாதீர்கள். அட்டைத் துண்டைக் காட்டுங்கள். ஊசித் துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போனால் உடனே அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும்.)

சீல் கடையில் பழைய சீலை மட்டும் நீட்டாமல் உள்விட்டம், ராடு விட்டம், பள்ளத்தின் அகலம் மூன்றையும் வெர்னியரில் அளந்து கொடுத்தேன். கிட் வந்ததும் பிரித்துப் போட வேண்டும். சிலிண்டர் உள்சுவரில் கீறல் இருந்தால் ஹோனிங்கும் (தேய்த்து வழவழப்பாக்குவது) செய்தாக வேண்டும்.