முழங்காலுக்கு ஓர் எண், மார்புக்கு ஓர் எண்

கனடாவின் மனிடோபா மாகாணத்தில், வின்னிபெக் ஏரியின் தென்பகுதியில் ஒரு மணற்கரையில் நான்கு கோடைகாலங்கள் வேலை செய்தேன். காலை எட்டு மணிக்கு முதல் வேலை, வெப்பமானியைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்து, அது காட்டும் அளவை நுழைவாயிலில் உள்ள பலகையில் எழுதுவது. காரை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் குடையையும் கூடையையும் இறக்கும் முன்பே அந்தப் பலகையைப் பார்ப்பார்கள். இருபது டிகிரிக்கு மேல் இருந்தால் பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிடுவார்கள். நான் எழுதும் எண்ணை அத்தனை பேர் நம்பினார்கள்.

நான் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். எங்கள் கிணற்றுத் தண்ணீருக்குப் பருவம் கிடையாது. விடியற்காலையில் வெதுவெதுப்பாகவும் உச்சிவெயிலில் குளிர்ச்சியாகவும் இருப்பதுபோலத் தோன்றும். மாறுவது காற்றுதான், தண்ணீர் அப்படியே இருக்கும். மனிடோபாவுக்கு வந்த பிறகுதான் தண்ணீருக்கும் ஓர் ஆண்டுக்கணக்கு உண்டு என்று என் உடம்புக்குத் தெரிந்தது. ஜனவரியில் மீன்பிடிக்கிறவர்கள் பனிக்கட்டியின் மேல் வண்டி ஓட்டிச் செல்லும் அதே இடத்தில்தான் ஆகஸ்டில் குழந்தைகள் மணிக்கணக்காக அளைந்துகொண்டிருப்பார்கள்.

இந்த ஏரியின் பரப்பு சுமார் 24,500 சதுர கிலோமீட்டர். நடுவில் நின்றால் கரை தெரியாது. ஆனால் சராசரி ஆழம் 12 மீட்டர்தான். தென்பகுதியில் அதைவிடக் குறைவு. பழைய பனியுகத்து அகாசிஸ் ஏரி வடிந்து மிஞ்சிய தட்டையான தாம்பாளம் இது. ஆழம் குறைவு என்பதால்தான் இவ்வளவு வடக்கில் இருந்தும் கோடையில் நீந்தும் அளவுக்குச் சூடேறுகிறது. ஆனாலும் அதற்கு அவகாசம் வேண்டும். பனிக்கட்டி பெரும்பாலும் மே மாதத்தில்தான் உடைந்து விலகுகிறது. அன்று தண்ணீர் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும். சூரியன் உச்சத்தில் நிற்பது ஜூன் 21. ஏரியின் உச்சம் ஜூலைக் கடைசியில், சில ஆண்டுகளில் ஆகஸ்டில். இந்த இடைவெளிக்குள்தான் ஆபத்து இருக்கிறது. சமவெளியில் மே மாதக் கடைசியிலேயே காற்று முப்பது டிகிரியைத் தொட்டுவிடும். ஆறு மாதக் குளிரில் அடைபட்டுக் கிடந்த மனிதர்கள் அன்று கரைக்கு வராமல் எப்படி இருப்பார்கள்?

என் இரண்டாவது கோடையில், ஜூன் முதல் வாரம் அப்படி ஒரு நாள் வந்தது. மூன்று நாட்களாகக் காற்றே இல்லை, நல்ல வெயில். எங்கள் கரையில் நீருக்கு அடியில் மணல்மேடுகள் கரைக்கு இணையாக ஓடும். கரைக்கும் முதல் மேட்டுக்கும் நடுவில் முழங்கால் அளவுத் தண்ணீர் குளம்போல நின்றது. வழக்கம்போல அங்கேதான் அளந்தேன். 18 என்று எழுதினேன். பொய் எழுதவில்லை. ஆனால் ஓர் இளைஞன் அந்த எண்ணைப் படித்துவிட்டு முதல் மேட்டைத் தாண்டி, இரண்டாவதையும் தாண்டி, ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தான். அவன் கத்தவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினான், கைகள் தண்ணீரை அடித்தன, அவ்வளவுதான். அருகில் சிறுபடகில் இருந்த ஒரு பெண்மணி துடுப்பை நீட்டி அவனைப் பிடித்துக்கொள்ளச் செய்தார். கரைக்கு வந்து போர்வைக்குள் அவன் நடுங்கிக்கொண்டிருந்தபோது நான் அதே இடத்துக்குப் போய் வெப்பமானியை இறக்கினேன். 12 காட்டியது.

மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிரையும் மனித உடலையும் ஆராய்ந்த பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், பனிநீரில் தானே இறங்கிச் சோதித்தவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. குளிர்ந்த நீரில் விழுந்தவனுக்கு மூச்சை அடக்கி நிதானத்துக்கு வர ஒரு நிமிடம். அதன்பின் கைகால்கள் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய பத்து நிமிடம்தான். உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஒரு மணி நேரம். உடல் விறைத்துத்தான் சாவு வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பலரை அந்த முதல் நிமிடமே கொண்டுபோகிறது. அடக்க முடியாமல் இழுக்கும் அந்த மூச்சு நீருக்கு அடியில் வந்துவிட்டால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. அந்த இளைஞன் நன்றாக நீந்தத் தெரிந்தவன்.

மறுநாள் முதல் பலகையில் இரண்டு எண்கள் எழுதினேன்: முழங்கால் அளவில் இவ்வளவு, மார்பளவில் இவ்வளவு. மக்கள் குழம்பிப் போவார்கள் என்று மேலே இருந்தவர்கள் தயங்கினார்கள். யாரும் குழம்பவில்லை. முதல் வாரத்திலேயே பெற்றோர்கள் பிள்ளைகளிடம், "அந்த மேட்டுக்கு அப்பால் வேண்டாம்" என்று சொல்வது காதில் விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டே எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லையே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஜூலையில் எண்கள் இரண்டும் நெருங்கிவிடும், 20, 22 என்று. அப்போது கவலை வேறு பக்கம் திரும்பும். வடக்குக் காற்று பலமாக வீசினால் நீளமான ஏரியின் நீரையெல்லாம் தெற்கே தள்ளிக் குவிக்கும். காலையில் அகலமாக இருந்த கரை மாலையில் ஒரு பட்டையாகச் சுருங்கிவிடும். ஆழமில்லாத நீரில் எழும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் வந்து அடுத்தடுத்து அறையும். அந்த அலை மணலைக் கழுவும்போது, பறவைகள் விட்டுப்போன எச்சத்தின் கிருமிகளும் சேர்ந்து நீருக்குள் வரும். 100 மில்லிலிட்டரில் 200 ஈ. கோலி (குடலில் வாழும் பாக்டீரியா) என்பது அப்போது எங்களுக்கு வரம்பு. கிருமி நீக்கிய புட்டியில் மாதிரி எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். கிருமி வளர்ந்து எண்ணப்பட ஒரு நாளாவது வேண்டும். முடிவு வரும்போது காற்று திசை மாறி, தண்ணீரும் வேறு தண்ணீராகியிருக்கும். அறிவிப்பை ஒட்டும் ஒவ்வொரு முறையும் நேற்றைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்ற உறுத்தல் இருக்கும்.

ஆகஸ்டில், நஞ்சு சுரக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசி. செவ்வாறு முதலான ஆறுகள் வயல்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் கொண்டுவரும் பாஸ்பரஸ்தான் அதற்குத் தீனி. சூடான, அசையாத நாளில் பச்சை வண்ணம் கொட்டியதுபோலக் கரையில் ஒதுங்கும். பலகையில் வெப்பம் 23 என்று இருக்கும், ஆண்டிலேயே அழகான எண். அன்றுதான் பிள்ளைகளையும் நாய்களையும் தண்ணீருக்குள் விடாதீர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். தூரத்திலிருந்து வந்த குழந்தைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்வது, இந்த வேலையில் எனக்குக் கடினமான பகுதி.

செப்டம்பர் தொடக்கத்தில் எங்கள் பருவம் முடிந்துவிடும். கடைசி நாள் காலை காற்று 8 டிகிரி. ஏரியின் மேல் ஆவி எழுந்துகொண்டிருந்தது. வெப்பமானியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கரையோரத்தில் கால் விறைத்தது. முதல் மேட்டைத் தாண்டியதும் போர்வைக்குள் நுழைந்ததுபோல இருந்தது. ஆழமில்லாத தண்ணீர் இரவோடு இரவாக ஆறிப்போகிறது, ஆழத்தில் இருப்பது கோடையை இன்னும் வைத்திருக்கிறது. ஆளில்லாத கரையில் பலகையில் எழுதினேன்: முழங்கால் 13, மார்பு 17. பிறகு அதைக் கழற்றிக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்தேன்.