'போதும்' என்று அவர் சொல்லும் இடம்

பிசியோதெரபி படித்த காலத்தில் ஒரு நாள் வகுப்புத் தரையில் டேப் ஒட்டி அளந்தோம். ஒருத்தி அசையாமல் நிற்பாள், எதிரிலிருந்து இன்னொருத்தி மெதுவாக நடந்து வருவாள். நிற்பவளுக்குச் சங்கடம் தொடங்கும் இடத்தில் 'நில்லு' என்று சொல்ல வேண்டும். உடனே இருவருக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதிக்கொள்வோம். உளவியல் ஆய்வுகளில் தனிமனித இடைவெளியை இப்படித்தான் வெகுகாலமாக அளக்கிறார்கள். காகிதத்தில் இரண்டு உருவங்களை வரைந்து கொடுத்து 'நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள்' என்று கேட்பதும் உண்டு. 2017இல் 42 நாடுகளை ஒப்பிட்டு வந்த பெரிய ஆய்வு அப்படிச் செய்ததுதான். ஆனால் நிஜ ஆள் நடந்து வரும்போது உடம்பு சொல்லும் பதில் காகிதத்தில் வராது என்பது என் எண்ணம்.

இந்த இடைவெளிக்கு அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966இல் எழுதிய எல்லைகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். 45 செ.மீ. வரை மிக நெருங்கியவர்களுக்கு, 1.2 மீட்டர் வரை நண்பர்களுக்கு, 3.6 மீட்டர் வரை வேலை சம்பந்தப்பட்டவர்களுக்கு. பெரும்பாலும் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோர நடுத்தர வர்க்கத்து ஆரோக்கியமான ஆட்களைப் பார்த்து எழுதியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதை அன்று நான் கவனிக்கவில்லை.

சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, என் வேலை முழுக்க அந்த 45 செ.மீ.க்கு உள்ளேதான். இடுப்பில் பெல்ட் கட்ட வேண்டும், அக்குளுக்குள் கை கொடுத்து எழுப்ப வேண்டும். காலை நேர எம்ஆர்டியில் தோளோடு தோள் இடித்து வந்த எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. ரயிலில் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு ஒருவரையொருவர் ஆளாகவே எண்ணாமல் நிற்கிறோம், அதனால்தான் தாங்குகிறது. வார்டில் படுத்திருப்பவர் அப்படி முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது.

பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன ஒரு பெரியவர். நடக்கவைக்கலாம் என்று பின்னாலிருந்து போய், ஒரு வார்த்தை சொல்லாமல் பெல்ட்டைச் சுற்றினேன். வலது கையால் என் மணிக்கட்டைத் தட்டிவிட்டார். உடம்பு நடுங்கியது. 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று குறிப்பேட்டில் எழுதினேன். அந்த வரி தவறு, எழுதியவள் நான்தான்.

மறுநாள் எதிரே நின்று, "ஐயா, நான் கிட்ட வரேன், போதும்னு தோணினா சொல்லுங்க" என்றேன். ஒரு தரைக்கல் தூரத்தில் "போதும்மா" என்றார். அப்புறம் இடது பக்கமாகப் போய் அதே மாதிரி வந்தேன். மூன்று கல் இருக்கும்போதே நிறுத்திவிட்டார். கையைத் தூக்கித் தடுக்க முடியாத பக்கம் அது. அவரைச் சுற்றியிருந்த இடம் வட்டமே இல்லை, இடது பக்கம் அவ்வளவு தூரம் நீண்டிருந்தது!

2009இல் வந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. மூளையில் ஆபத்தை உணர்ந்து பயத்தை எழுப்பும் அமிக்டலா என்ற பகுதி இரு பக்கமும் சேதமான ஒரு பெண்ணிடம் இதே சோதனையைச் செய்தபோது, சராசரியாக 34 செ.மீ. வரை ஆளை வரவிட்டார். மற்றவர்களுக்கு அது 64 செ.மீ. ஆக இருந்தது. ஒருவர் மூக்கோடு மூக்கு வைத்து நின்றாலும் அந்தப் பெண்ணுக்குச் சங்கடமில்லை. அப்படியென்றால் ஐயா கையைத் தட்டியது பிடிவாதம் இல்லை, மூளை அவரைக் காவல் காக்கிறது. அதைப் போய்க் குறை என்று எழுதினேனே.

இரண்டு வாரம் தினமும் கேட்டுக் கேட்டு நெருங்கினேன். இடது பக்கம் ஒரு கல்லுக்கு வந்தது, பிறகு பெல்ட்டைத் தானே பிடித்துக் கொடுத்தார். பத்து நிமிட சிகிச்சையில் இரண்டு நிமிடம் இதற்கே போகும். போகட்டும்.

ஒரு சாயங்காலம் அவர் மகன் வேலை முடிந்து நேராக வந்து, பின்னாலிருந்து வீல்சேர் கைப்பிடியைப் பிடித்தார். ஐயாவின் வலது கை மேலே எழுந்தது. "தம்பி, முன்னாடி வந்து ஒரு தடவ முகத்தக் காட்டுங்க" என்றேன். அவர் சுற்றி வந்து, பையைக் கீழே வைத்து, அப்பாவின் முழங்காலுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். கை மெல்ல இறங்கி மகனின் தலைமேல் நின்றது.